கவசமும் கவனமும்

பறக்க வேண்டும் என்னும் வேட்கை மனித உள்ளத்தை விட்டு ஒரு நாளும் நீங்கியதில்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் என்னும் அறிஞர், உடலில் இறகுகளைப் போர்த்து, இரு சிறகுகளையும் கட்டிக்கொண்டு, உயர்ந்ததோர் இடத்திலிருந்து காற்றில் பாய்ந்தார். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அதனை எழுதிவைத்த வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ, அவர் கணிசமான தூரம் பறந்தார் என்றும், இறங்குகையில் முதுகில் அடிபட்டது என்றும் கூறுகிறார். பறவை தன் வாலின் துணைகொண்டே தரையிறங்குகிறது. அந்த வாலை அமைக்க அவர் கருதாமற்போனார் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அடுத்த நூற்றாண்டின் இறுதியில் நைசாப்பூரில் நிகழ்ந்தது இன்னும் துயரமானது. ‘அஸ்ஸிஹாஹ்’ என்னும் புகழ்பெற்ற அரபு அகராதியை ஆக்கிய இஸ்மாயீல் இப்னு ஹம்மாத் அல்-ஜவ்ஹரீ, மரத்தாலான இரு சிறகுகளைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, பள்ளிவாசலின் கூரைமீதிருந்து பாய்ந்து உயிர் நீத்தார் எனச் சரித நூல்கள் கூறும். சொற்களின் நுட்பத்தையெல்லாம் அளந்தறிந்த அப்பேரறிஞர், காற்றின் நுட்பத்தை அளந்தறியவில்லை.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் பாரிஸ் மாநகரில் ஃபிரான்ஸ் ரைகெல்ட் என்னும் தையற்காரர், தாமே தைத்த பாராசூட் அங்கியை அணிந்து ஐஃபல் கோபுரத்தின் முதல் தளத்தில் ஏறி நின்றார். உயரம் ஏறத்தாழ 57 மீட்டர். பொம்மையை வைத்துச் சோதிப்பதாகக் கூறித்தான் காவல்துறையிடம் அவர் அனுமதி பெற்றிருந்தார். நண்பர்கள் தடுத்தும் கேளாமல் தாமே குதித்தார். அங்கி விரியவில்லை. கீழே காத்திருந்த படக்கருவிகள் அவருடைய முடிவைப் பதிவு செய்தன.

இம்மூவரையும் வெறுங்கையராய்ப் பாய்ந்தவர் என்று சொல்ல இயலாது. மூவரிடமும் கருவி இருந்தது. தம் கருவி தம்மைக் காக்கும் என்ற உறுதியும் இருந்தது. ஆகவே நாம் எழுப்ப வேண்டிய வினா ஒன்று உண்டு: கருவி அணிந்தவன் எல்லாம் எச்சரிக்கையுடையவன் ஆகிவிடுவானா? அன்றி, அணிந்த கருவியே அவனை விளிம்புக்கு அழைத்துச் செல்கிறதா? இன்றைய உலகில் இவ்வினாவுக்கு மிகத் தெளிவான களமாக விளங்குவது ‘பேஸ் ஜம்பிங்’ என்னும் விளையாட்டாகும்.

நான்கு மேடைகள்

விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதிப்பதை நாம் அறிவோம். பேஸ் ஜம்பிங் அதனினும் வேறானது. இங்கே விமானம் இல்லை. நிலைத்து நிற்கும் ஓர் உயரத்திலிருந்து குதிக்கிறார்கள். பில்டிங், ஆன்டெனா, ஸ்பான், எர்த் என்னும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் கூடிப் ‘பேஸ்’ ஆயின. கட்டடம், அலைபரப்புக் கோபுரம், பாலம், மலைமுகடு என்பன இவற்றின் பொருள்.

இவ்விளையாட்டுக்கு இப்பெயரும் உருவமும் வாய்க்கக் காரணமானவருள் முதன்மையானவர் கார்ல் போனிஷ் என்னும் அமெரிக்கப் படப்பிடிப்பாளர். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் என்னும் செங்குத்தான பாறை நிற்கிறது. 1966இல் மைக்கேல் பெல்க்கி, பிரையன் ஷூபெர்ட் என்னும் இருவர் அப்பாறையிலிருந்து வட்டவடிவப் பாராசூட்டுடன் குதித்தனர். வட்டப் பாராசூட் காற்று தள்ளும் திசையிலேயே செல்லும். பாறையை விட்டு விலகிச் செல்ல அதற்குத் திறனில்லை. இருவருமே எலும்பு முறிந்து தப்பினர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1978இல் போனிஷ் தம் நண்பர்களுடன் அங்கு சென்றபோது கருவி மாறியிருந்தது. காற்றறைகள் கொண்ட நீள்சதுரப் பாராசூட் வந்திருந்தது. அது விமானச் சிறகைப் போல முன்னோக்கிச் செல்லும்; கைப்பிடியை இழுத்தால் திரும்பும். பாறையை விட்டு விலகுவதற்கு வழி பிறந்தது. ஒரு புதிய விளையாட்டும் பிறந்தது.

பிறப்பித்தவரின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1984ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் நார்வே நாட்டின் டிரோல்வெக்கன் பாறைச் சுவரில், தொலைக்காட்சிக்காகத் தம் மனைவியுடன் குதித்துச் சாதனை படைத்தார் போனிஷ். மறுநாள், அதே மலையின் வேறோர் இடத்திலிருந்து தனியே குதித்தவர் பாறையில் மோதி மாண்டார். கருவியை அவரைவிட நன்கறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே.

நொடிகளின் கணக்கு

இவ்விளையாட்டின் அபாயத்தை உணர, பள்ளிக்கூடத்துப் பௌதிகமே போதுமானது. விழும் பொருள் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் இறங்கும். இரண்டாம் நொடி முடிவில் 20 மீட்டர். மூன்றாம் நொடி முடிவில் 44 மீட்டர். நான்காம் நொடி முடிவில் 78 மீட்டர். அந்நேரத்தில் அதன் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரை நெருங்கிவிடும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஸ்நேக் ஆற்றின் குறுக்கே நிற்கும் பெரைன் பாலம், ஆண்டு முழுவதும் தனி அனுமதியின்றிக் குதிக்கத்தக்க இடமாகப் பெயர்பெற்றது. அதன் உயரம் 148 மீட்டர். பாராசூட் விரியாவிடின் ஆறு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

விமானத்திலிருந்து குதிப்பவர் தரையிலிருந்து ஏறத்தாழ 800, 900 மீட்டர் உயரத்திலேயே தம் பாராசூட்டை விரித்துவிடுகிறார். அது பழுதானால், அதனைக் கழற்றி எறிந்துவிட்டு விரிக்க இரண்டாவது பாராசூட் முதுகில் இருக்கிறது. அவர் நினைவிழந்தாலும், குறித்த உயரத்தில் அதனைத் தானே விரிக்கும் கருவியும் உண்டு. பெரைன் பாலத்தில் நிற்பவனுக்கோ, மொத்த உயரமே அவ்வளவில் ஆறில் ஒரு பங்குதான். இரண்டாவது பாராசூட்டை விரிக்க நேரம் இல்லாததால், பேஸ் குதிப்பாளர் பெரும்பாலும் ஒரே ஒரு பாராசூட்டையே சுமக்கிறார். தவற்றைத் திருத்திக்கொள்ளும் அவகாசம் என்பதே இங்கே இல்லை.

ஆகவே அந்த ஒற்றைப் பாராசூட்டின்மீது எத்தனையோ நுண்ணறிவு செலவிடப்பட்டிருக்கிறது. பெரிய பாராசூட்டை உறையிலிருந்து இழுத்து வெளிக்கொணர்வது ஒரு சிறு பாராசூட். விமானத்திலிருந்து குதிக்கையில் காற்றின் வேகம் மிகுதியாதலின் அது சிறிதாய் இருந்தாற் போதும். பாலத்திலிருந்து குதிக்கையில் வேகம் குறைவு. எனவே அது பெரிதாக அமைக்கப்படுகிறது. பாராசூட் படாரென்று விரிந்து உடலை உலுக்காதபடி கயிறுகளைச் சேர்த்துப் பிடித்துவைக்கும் ஒரு துணித்துண்டு உண்டு. தாழ்ந்த உயரங்களில் விரைவாக விரிவதற்காக அதனை அகற்றிவிடுகிறார்கள். அகற்றினால், திசை திருப்பும் கயிறு பாராசூட்டின் மேலே சுற்றிக்கொள்ளும் ஆபத்து வரும். அவ்வாறு சுற்றினால் அக்கயிற்றை நொடியில் விடுவிக்க வேறோர் அமைப்பு. ஓர் அபாயத்துக்கு மருந்தாக வந்ததே இன்னோர் அபாயத்தைப் பெற, அதற்கும் ஒரு மருந்து தேடிய வரலாறே இக்கருவியின் வரலாறு.

உடலுக்கும் கவசம் உண்டு. முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசம், முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு, முதுகெலும்புக்குத் தகடு, கணுக்காலை இறுகப் பற்றும் காலணி என்பன. இவை வீண் அல்ல. கரடுமுரடான பாறைக் குவியலில் இறங்குகையில் பல எலும்புகளை இவை காத்திருக்கின்றன. ஆயினும் இவ்விளையாட்டின் கொடிய அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. பாராசூட் ஒழுங்காகவே விரியும். ஆனால் திசை மாறி, குதித்த பாறையை நோக்கியே முகம் திருப்பி விரியும். குதித்தவன் கயிற்றைப் பற்றித் திருப்புவதற்குள் அவனுடைய பாராசூட்டே அவனைச் சுமந்துகொண்டு போய்ப் பாறையில் மோதும். முழங்கால் காப்பு அப்போது என்ன செய்யும்?

சிறிய எண்ணும் பெரிய எண்ணும்

நார்வே நாட்டில் கெராக் என்னும் மலை, லீசெ கடற்கழிக்கு மேலே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்து நிற்கிறது. 1995 முதல் 2005 வரை அங்கு நிகழ்ந்த குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். குதிப்புகள் 20,850. இறந்தோர் 9 பேர். உயிர்ப்பலி நேராத விபத்துகள் 82. அதாவது 2,317 குதிப்புக்கு ஒரு மரணம். 254 குதிப்புக்கு ஒரு விபத்து. உயிர் தப்பியவர்களின் காயங்களுள் பெரும்பாலானவை கணுக்கால் பிசகு, எலும்பு முறிவு, இலேசான தலையடி, முழங்கால் அடி போன்றவை. விமானத்திலிருந்து குதிப்பதைக் காட்டிலும் ஆபத்து ஐந்து முதல் எட்டு மடங்கு என அவர்கள் கணித்தனர்.

2,317இல் ஒன்று என்பது கேட்பதற்குச் சிறிதாகத்தான் இருக்கிறது. இளைஞனின் உள்ளம் அந்த ஒன்றை விட்டுவிட்டு 2,316இன் பக்கம் போய் நின்றுகொள்ளும். ஆனால் அவன் ஒரு முறை குதித்து நிறுத்துவதில்லை. ஆண்டுக்கு நூறு முறை வீதம் பத்தாண்டுகள் குதித்தால் ஆயிரம் குதிப்பு. ஒவ்வொரு குதிப்பிலும் ஆபத்து அதே அளவினது என்று வைத்துக் கணக்கிட்டால், அப்பத்தாண்டுக்குள் அவன் இறந்துபடும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாகிறது. ஒரு நாளைக்குச் சிறியதாய்த் தோன்றும் எண், ஒரு வாழ்நாளுக்குப் பெரியதாகிவிடுகிறது.

முன்னே சொன்ன பிரையன் ஷூபெர்ட்டின் வாழ்வை இங்கு நினைவுகூர்தல் தகும். 1966இல் எல் கேப்பிட்டனில் எலும்பு முறிந்து உயிர் தப்பிய அவர், நாற்பது ஆண்டுகள் கழித்து, 2006 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் பள்ளத்தாக்குப் பாலத்தில் நடந்த ஆண்டு விழாவில், 267 மீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் குதித்தார். அவருக்கு வயது 66. பாராசூட் உரிய நேரத்தில் விரியவில்லை, அவர் மீளவில்லை. 1966ஆம் ஆண்டின் கருவியோடு ஒப்பிட்டால் 2006ஆம் ஆண்டின் கருவி எத்துணையோ மேம்பட்டது. மேம்படாத கருவி விட்டுவைத்த உயிரை, மேம்பட்ட கருவியால் காக்க முடியவில்லை.

காப்பு தரும் துணிச்சல்

பாராசூட் உலகில் பில் பூத் என்னும் பெயர் நன்கறியப்பட்டது. பழுதான பாராசூட்டை எளிதில் கழற்றிவிடும் மூவளைய அமைப்பைக் கண்டுபிடித்து எத்தனையோ உயிர்களைக் காத்தவர் அவர். அவரே கசப்போடு ஒன்றைக் கண்டு சொன்னார்: கருவிகள் பாதுகாப்பானவையாக ஆக ஆக, குதிப்போர் அதற்கேற்பத் துணிச்சலைக் கூட்டிக்கொள்கிறார்கள், ஆகவே மரண விகிதம் குறையாமல் நிற்கிறது என்பது அவர் கூற்றின் கருத்து. காப்புக் கருவி செய்தவரே இதைச் சொன்னார் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

1975இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் மோட்டார் வாகனங்களைப் பற்றி இதே போன்றதொரு வாதத்தை எழுப்பினார். சட்டம் கட்டாயமாக்கிய காப்புச் சாதனங்களால் ஓட்டுநர்கள் துணிச்சல் பெற்று விரைகிறார்கள். அதனால் வரும் தீங்கு தெருவில் நடப்போர்மேல் விழுகிறது என்றார். அவருடைய கணக்கைப் பின்வந்த ஆய்வாளர் பலர் மறுத்தனர். இருக்கை வார் உயிரைக் காக்கிறது என்பதில் ஐயமே இல்லை. ஆயினும் அவர் சுட்டிய மனநிலை மெய்யானது என்பதை நம் வீதிகளிலும் காண்கிறோம். தலைக்கவசம் அணிந்த பிள்ளை, அது தலையில் இருக்கும் துணிவிலேயே மோட்டார் சைக்கிளை இன்னும் முறுக்குகிறான். தலையைக் காக்க வந்தது வேகத்துக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

பேஸ் ஜம்பிங்கில் இது நடந்த விதத்தைக் காண்க. கைக்கும் உடலுக்கும் இடையே துணிச்சிறகு தைத்த ‘விங்சூட்’ என்னும் அங்கி 1999இல் விற்பனைக்கு வந்தது. அதை அணிந்தவன் நேரே விழாமல் முன்னோக்கி வழுக்கிச் செல்வான். பாறையை விட்டு வெகுதூரம் விலகலாம். விலகுவதற்குக் கிடைத்த அத்திறனைச் சிலர் எதற்குப் பயன்படுத்தினர்? பாறையை ஒட்டி, மரவுச்சிகளை உரசுவதுபோல் பறப்பதற்கு! 2015 மே மாதம் யோசெமிட்டியில் அவ்வாறு ஒரு பாறைப் பிளவினூடே பறக்க முயன்று மாண்ட இருவருள் ஒருவர், மலையேற்றத்தில் உலகப் புகழ்பெற்ற டீன் பாட்டர். அபாயத்திலிருந்து விலக உதவும் கருவியே, அபாயத்தை நெருங்குவதற்கு உதவியாயிற்று.

அவர்கள் தரப்பும் நம் தரப்பும்

நீதி கூறப் புகுவோர் எதிர்த்தரப்பின் சொல்லையும் செவிமடுத்தல் வேண்டும். குதிப்போர் கூறுவது இது: “எங்கள் உயிர் எங்களுடையது. நாங்கள் பிறருக்குத் தீங்கு செய்யவில்லை. நீங்களோ இமயம் ஏறுபவரைப் பாராட்டுகிறீர்கள். கார்ப் பந்தய வீரருக்கு மாலை சூட்டுகிறீர்கள். எங்களை மட்டும் பித்தர் என்பதேன்? மேலும், எங்களைப்போல் காற்றையும் கயிற்றையும் ஆராய்ந்து, ஒவ்வொரு மடிப்பையும் தம் கையாலேயே மடிப்பவர் யார்?”

இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 2010 ஜனவரியில் துபாயின் புர்ஜ் கலீஃபாவிலிருந்து, 672 மீட்டர் உயரத்தில், அரபு வீரர் இருவர் முறையான அனுமதியோடு குதித்து நலமே இறங்கியபோது உலகம் கைதட்டியது. கோலாலம்பூர் கோபுரத்தில் பன்னாட்டுக் குதிப்பு விழாவே நடத்தப்பட்டு வந்துள்ளது. ஆயத்தமும் ஒழுங்கும் கூடிய துணிவு வேறு. மூடத் துணிவு வேறு.

வெறும் தடையும் முழு விடையன்று. யோசெமிட்டியில் 1980இல் சில மாதங்கள் குதிப்புக்கு அனுமதி தரப்பட்டுப் பின்னர் நிறுத்தப்பட்டது. 1999 அக்டோபரில் அத்தடையை எதிர்த்துச் சிலர் எல் கேப்பிட்டனிலிருந்து வெளிப்படையாகக் குதித்தனர். அவர்களுள் ஒருவரான அறுபது வயதுப் பெண்மணி, தம் கருவி பறிமுதலாகிவிடும் என்று கருதி இரவல் கருவி அணிந்து வந்தார். அதன் கைப்பிடி இருந்த இடம் அவர் பழகிய இடம் அன்று. பாராசூட் விரியவேயில்லை. சட்டத்துக்கு அஞ்சி நல்ல கருவியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததும் அவர் மரணத்துக்கு ஒரு காரணமாயிற்று. குதிக்கத் துணிந்த பொறுப்பு அவருடையதே. எனினும் தண்டனையின் பயம் எச்சரிக்கையை வளர்க்காமல், எச்சரிக்கையின் கருவியைப் பறிக்கவும் கூடும் என்பதை ஆள்வோர் எண்ண வேண்டும்.

ஆனால் “எங்கள் உயிர் எங்களுடையது” என்ற முதல் வாக்கியத்தை மட்டும் நம்மால் ஏற்க இயலவில்லை. டிரோல்வெக்கனில் 1986 முதல் பாராசூட் குதிப்பு தடைசெய்யப்பட்டது. பாறை இடுக்கில் சிக்கியவரை மீட்கச் செல்வோரின் உயிரும் ஊசலாடியதே அதற்குக் காரணம். குதிப்பவன் தன் உயிரை மட்டுமே பணயம் வைத்ததாக எண்ணிக்கொள்கிறான். அழைப்பு வந்தவுடன் கயிற்றில் தொங்கி இறங்கும் மீட்பாளனின் உயிரும், வாசலில் காத்திருக்கும் தாயின் உறக்கமும், தந்தையின் முகம் அறியாமல் வளரப்போகும் குழந்தையின் நாளைகளும் அப்பணயத்தில் சேர்ந்திருப்பதை அவன் எண்ணுவதில்லை. அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

நாம் உயிரை அமானத் என்கிறோம். ஒப்படைத்தவன் கேட்கும்போது திருப்பித் தரவேண்டிய பொருளைக் காப்பவனுக்கு இருவகைக் கடமைகள் உண்டு. பூட்டுப் போடுவது ஒன்று. அப்பொருளைச் சூதாட்டப் பலகைக்கு எடுத்துச் செல்லாதிருப்பது மற்றொன்று. எவ்வளவு உறுதியான பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றாலும், சூதாட்டப் பலகையில் வைத்தது வைத்ததுதான். தவக்குல் கொள்ளுமுன் ஒட்டகத்தைக் கட்டவேண்டும் என்பதை நம் வீட்டுக் குழந்தையும் அறியும். ஆனால் கயிறு கையில் இருக்கிறது என்பதற்காக ஒட்டகத்தை மலை விளிம்புக்கு ஓட்டிச் செல்லும்படி அப்படிப்பினை ஒருநாளும் சொல்லவில்லை.

மீனவர் கடலுக்குச் செல்வதும், தீயணைப்பு வீரர் எரியும் வீட்டில் நுழைவதும் அபாயந்தான். அங்கே அபாயம் ஒரு நற்காரியத்தின் வழியில் குறுக்கிடுகிறது. அதைக் குறைப்பதற்கே கவசம். அபாயத்தையே சுவையாக நாடும் இடத்தில் கவசத்தின் வேலை மாறிவிடுகிறது. ஒருவரிடம் இரண்டில் எது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கவசம் கூடியபோது அவர் தம் அபாயத்தைக் குறைத்துக்கொண்டாரா, அல்லது அடுத்த உயரத்தைத் தேடினாரா?

திரும்பி இறங்கும் வழி

அனுபவம் முதிர்ந்த குதிப்பாளர்களிடையே ஒரு நல்ல வழக்கம் மதிக்கப்படுகிறது. மணிக்கணக்கில் மலையேறி, முழுக் கவசமும் பூட்டி, விளிம்பில் நின்ற பின்னரும், காற்று மாறியிருந்தால், மேகம் கவிந்தால், உள்ளம் ஒப்பாவிட்டால், ஒரு சொல்லும் பேசாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறிய பாதையிலேயே நடந்து இறங்குவது. இதற்குக் கைதட்டல் இல்லை. படம் எடுப்பார் இல்லை. உடன் வந்தோர் நகைக்கவும் கூடும். அந்நகைப்பைத் தாங்கும் கவசம் எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. நஃப்ஸுடன் போராடிப் பெறவேண்டிய கவசம் அது.

ரைகெல்ட் கோபுரத்தில் நின்றபோது அவருடைய அங்கி குறையுடையதாக இருந்தது. ஆனால் படிக்கட்டு குறையில்லாமல் இருந்தது. ஏறி வந்த படியில் இறங்கியிருந்தால், அங்கியைத் திருத்த அவருக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்திருக்கும். இப்னு ஃபிர்னாஸ் மறந்தது வாலை. பறப்பதற்கு முன்பே இறங்குவதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

நம் பிள்ளைகளிடமிருந்து துணிவைப் பறித்துவிட நாம் விரும்பவில்லை. துணிவில்லாச் சமுதாயம் எதையும் சாதிப்பதில்லை. அவர்களுக்குத் தலைக்கவசம் வாங்கிக் கொடுப்போம். இருக்கை வாரைப் பூட்டச் சொல்வோம். நீந்தவும் மலையேறவும் முறையாகப் பயிற்றுவிப்போம். அவற்றோடு, ஏறிய பின்னும் இறங்கி வரலாம், அதில் இழிவில்லை என்பதையும் கற்றுக்கொடுப்போம். பிள்ளை ஒருநாள், “எல்லோரும் போனார்கள், நான் மட்டும் திரும்பி வந்துவிட்டேன்” என்று வாடிய முகத்துடன் வீடு வந்து சேர்ந்தால், அவனை நகையாமல் அணைத்து உணவு பரிமாறும் தாயும் தந்தையும் அவனுக்கு அணிவிக்கும் காப்பு, எந்தக் கவசத்தினும் உறுதியானது.